காயம்பட்டவருக்கு எந்த இருக்கை?

பீத்தோவனின் ஏழாவது சிம்ஃபனியின் பெயர் தெரியாதவர்கள்கூட அதன் இரண்டாம் பகுதியை எங்கேயாவது கேட்டிருப்பார்கள். 2010-ல் வந்த 'தி கிங்ஸ் ஸ்பீச்' படத்தின் இறுதியில் திக்குவாய் மன்னர் வானொலியில் பேசுவாரே, அப்போது பின்னால் ஒலிப்பது அதுதான். ஒரே தாளக்கட்டில், அடி மேல் அடி வைத்து, நிதானமாக நகரும் இசை. அந்த சிம்ஃபனி முதன்முதலாக அரங்கேறியது, போரில் காயம்பட்ட வீரர்களுக்காக நிதி திரட்டிய ஒரு கச்சேரியில்!

இதைப் படித்தவுடன் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த வீரர்களில் ஒருவராவது அன்று அரங்கத்தில் உட்கார்ந்து அந்த இசையைக் கேட்டாரா?

சின்னக் கேள்விதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போனால் வியன்னாவில் தொடங்கி பிரைட்டன், பைராய்ட், லண்டன் என்று நான்கு ஊர்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. காயம்பட்ட மனிதர்களையும் இசை அரங்கங்களையும் வரலாறு பலமுறை ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர்களுக்குக் கிடைத்த இடம் வேறு வேறு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே :-)

வியன்னா, 1813: அறிவிப்பில் மட்டும் இடம்

1813 அக்டோபரில் லைப்சிக் போரில் நெப்போலியன் தோற்றுப் பின்வாங்கிக்கொண்டிருந்தார். அவர் பிரான்சுக்குத் திரும்பும் வழியை மறிக்க, ஆஸ்திரிய-பவேரியக் கூட்டுப்படை ஒன்று ஃபிராங்ஃபர்ட்டுக்கு அருகே ஹனாவ் என்ற ஊரில் நின்றது. அக்டோபர் 30, 31 இரண்டு நாள் சண்டை. ஓடுகிற படைதானே என்று நினைத்தவர்களை நெப்போலியன் அடித்து வழியைத் திறந்துகொண்டு போய்விட்டார். கூட்டுப்படையின் தளபதி விரேடே உட்பட ஆயிரக்கணக்கானோர் காயமடைந்தார்கள்.

அந்தக் காலத்தில் காயம் என்றால் என்னவென்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்வது 1846-க்குப் பிறகுதான் பரவியது. கிருமிகளைப் பற்றி மருத்துவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கையிலோ காலிலோ குண்டு பட்டு எலும்பு நொறுங்கினால், நினைவு இருக்கும்போதே வெட்டி எடுப்பார்கள். அதில் பிழைத்தவர்களை ஆஸ்பத்திரிக் காய்ச்சல் கொண்டுபோகும். அதிலும் பிழைத்து ஊர் திரும்பினால், வயலில் இறங்க முடியாத உடம்போடு மிச்ச காலத்தை ஓட்ட வேண்டும். ஆகவே அவர்களுக்குப் பணம் திரட்டியது நல்ல காரியம்தான், அதில் சந்தேகமில்லை.

ஏற்பாடு செய்தவர் யோஹான் மெல்ட்சல். தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியோடு பெயர் ஒட்டிக்கொண்ட அதே ஆள். பீத்தோவனுக்குக் காதுக்குழல்கள் செய்து கொடுத்தவரும் அவரே. இயந்திரங்களை வைத்து வித்தை காட்டிப் பிழைக்கத் தெரிந்தவர். ஸ்பெயினில் விட்டோரியாவில் வெலிங்டன் ஜெயித்ததைக் கொண்டாடி ஒரு இசை எழுதுங்கள் என்று பீத்தோவனைத் தூண்டியவர் அவர்தான். முதலில் அது அவருடைய இயந்திர வாத்தியத்துக்காக எழுதப்பட்டது. பிறகு முழு இசைக்குழுவுக்கு மாறியது. 'வெலிங்டனின் வெற்றி' என்று பெயர்.

1813 டிசம்பர் 8, வியன்னா பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபம். முதலில் ஏழாவது சிம்ஃபனி. நடுவில் மெல்ட்சலின் இயந்திரப் பொம்மை ட்ரம்பெட் ஊத, இசைக்குழு பக்கவாத்தியம் போல் உடன் வாசித்த இரண்டு அணிவகுப்பு இசைகள். கடைசியில் 'வெலிங்டனின் வெற்றி'. இசைக்குழுவில் யார் யார் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். முதல் வயலின் ஷுப்பான்சிக். கூடவே ஷ்போர், ஹும்மல், மயர்பேர், மொஷெலெஸ்... 'அமேடியஸ்' படத்தில் வில்லனாக வருவாரே சலியேரி, அவர் பீரங்கி ஓசைகளுக்குத் தாளம் காட்டினாராம். எல்லாம் நல்ல காரியத்துக்காக என்று பெரிய வித்வான்கள் சின்ன வேலைகளை ஏற்றுக்கொண்ட நாள் அது.

நடத்தியவர் பீத்தோவன். அவருக்குக் காது ஏறக்குறைய கேட்கவில்லை. மெதுவாக வாசிக்க வேண்டிய இடங்களில் குனிந்து மேசைக்கு அடியில் போய்விடுவார், உரக்க வர வேண்டிய இடத்தில் எகிறிக் குதிப்பார் என்று ஷ்போர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சிம்ஃபனியின் இரண்டாம் பகுதியைக் கூட்டம் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டது. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 12 அன்று, முழுக் கச்சேரியும் மறுபடி நடந்தது. இரண்டு கச்சேரிகளிலும் செலவு போக மிஞ்சிய 4006 கில்டர், போர் நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இப்போது என் கேள்விக்கு வருவோம். ஹனாவிலிருந்து வியன்னா பல நூறு கிலோமீட்டர் தள்ளி. சண்டை முடிந்து ஐந்தே வாரம், நடுக்குளிர்காலம், ரயில் கிடையாது. ஹனாவில் அடிபட்ட சிப்பாய் அந்த மண்டபத்துக்கு வந்திருப்பார் என்று நினைக்க வழியே இல்லை. கேட்டவர்கள் டிக்கெட் வாங்க வசதி உள்ள வியன்னாக்காரர்கள். காயம்பட்டவர்களின் பெயர் அறிவிப்பில் இருந்தது, பணம் அவர்களுக்குப் போனது, இசை மட்டும் போகவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். 'வெலிங்டனின் வெற்றி'யில் ஆங்கிலேயப் படைக்கு ஒரு மெட்டு, பிரெஞ்சுப் படைக்கு ஒரு மெட்டு. பிரெஞ்சு மெட்டு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பிறந்தநாள் விழாவில் 'ஜாலி குட் ஃபெலோ' என்று பாடுகிறார்களே, அதே மெட்டு. சண்டை முடிந்ததும் அந்த மெட்டு துயரமான மைனர் சுரங்களில், விட்டுவிட்டு, தட்டுத்தடுமாறி வரும். காயம்பட்டவர்களுக்காக நடந்த கச்சேரியின் போர்க்கள இசையில் நொண்டி நடப்பது தோற்ற பிரெஞ்சுப் படையின் மெட்டு மட்டுமே. யாருக்காக நிதி திரட்டினார்களோ அந்த ஆஸ்திரியச் சிப்பாய்க்கு அந்த இசையில் ஒரு சுரம்கூட இல்லை!

மாவுக்கட்டோடு ஒரு கச்சேரி

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம். ஒரு டிசம்பரில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை மாமா ஒருவர் கச்சேரிக்கு அழைத்துப் போனார். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் ஆரம்பித்தது. "என்னப்பா ஆச்சு?", "எலும்பா, ஜவ்வா?", "எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான்..." இருக்கையில் போய் உட்காருவதற்குள் பத்துப் பேருக்காவது ஒரே கதையைச் சொல்லியிருப்பேன்.

ஆலாபனை ஆரம்பித்ததும் எல்லோர் பார்வையும் மேடைக்குப் போய்விட்டது. கால் வலித்துக்கொண்டுதான் இருந்தது. இசை வலியைப் போக்கும் என்று சொல்கிறார்களே, எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் அடுத்த இரண்டரை மணி நேரம் நான் கால் உடைந்த பையன் இல்லை. பக்கத்தில் இருந்தவர் தொடையில் தாளம் போட்டார், நானும் போட்டேன். ஒரு இடத்தில் இரண்டு பேருமே தாளத்தை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அவ்வளவுதான்.

காயம்பட்டவருக்கு ஒரு கச்சேரி தரக்கூடியது இதுதான் என்று எனக்குப் படுகிறது. கொஞ்ச நேரம் நோயாளி என்ற வேலையிலிருந்து லீவு. ரசிகர் என்ற சாதாரண இடம். மற்ற மூன்று ஊர்களையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்த்தேன்.

பிரைட்டன், 1914: இசை அறையில் கட்டில்

இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் பிரைட்டன் என்ற ஊர். அங்கே ராயல் பெவிலியன் என்று ஒரு அரண்மனை. நான்காம் ஜார்ஜ் மன்னருக்காக ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் இப்போதைய உருவத்தைக் கொடுத்தார். வெளியே இந்திய பாணிக் குவிமாடங்களும் மினார்களும். உள்ளே சீன பாணி டிராகன்கள். அந்த அரண்மனையில் இசைக்கென்றே ஒரு பெரிய அறை. தாமரை வடிவக் கண்ணாடி விளக்குகள் தொங்கும். 1823 டிசம்பரில் இத்தாலிய இசைமேதை ரோஸ்ஸினி இந்த அரண்மனைக்கு வந்து மன்னர் முன் பாடினார். பக்கத்தில் இருந்த அரசக் குதிரை லாயம் 'டோம்' என்ற பெயரில் 1867-ல் கச்சேரி மண்டபமாக மாறியது.

1914-ல் முதல் உலகப்போர். இந்தியப் படை பிரான்சின் பதுங்குகுழிகளுக்கு அனுப்பப்பட்டது. பஞ்சாபிலிருந்தும் கட்வாலிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் போனவர்கள். கோடைச் சீருடையோடு போய் இறங்கி ஐரோப்பியக் குளிரில் மாட்டிக்கொண்டவர்கள் அவர்களில் பலர். காயம்பட்டவர்களைச் சேர்க்க இடம் வேண்டியிருந்தது. இந்திய பாணியில் ஒரு அரண்மனைதான் இருக்கிறதே! 1914 டிசம்பரிலிருந்து பெவிலியனும் டோமும் இந்திய வீரர்களுக்கான ஆஸ்பத்திரி ஆயின. 1916 தொடக்கம் வரை நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே சிகிச்சை பெற்றார்கள்.

இசை அறையில் வரிசையாகக் கட்டில்கள். டோமின் பெரிய குவிமாடத்துக்குக் கீழே, கச்சேரிக்கு நாற்காலி போட்ட இடத்தில், நூற்றுக்கணக்கான படுக்கைகள். சாதி, மதம் பார்த்து ஒன்பது சமையலறைகள் வைத்தார்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். அறிவிப்புகள் உருது, இந்தி, குர்முகி மொழிகளில். அன்றைய ராணுவத்தின் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய கவனிப்பு. ஊருக்குக் கடிதம் எழுதிய வீரர்கள் சிலர் இது சொர்க்கம் மாதிரி இருக்கிறது என்றே எழுதினார்கள்.

ஆனால் அந்தச் சொர்க்கத்துக்குப் புகைப்படக்காரர்கள் உண்டு. தாமரை விளக்குகளுக்குக் கீழே தலைப்பாகையோடு படுத்திருக்கும் இந்தியர்களின் படங்கள் தபால் அட்டைகளாக விற்றன. ஆங்கிலம், உருது, குர்முகி மூன்று மொழிகளிலும் ஒரு படப் புத்தகம் 1915-ல் அச்சானது. பேரரசு தன் இந்தியச் சிப்பாய்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறது பாருங்கள் என்று உலகத்துக்கும் இந்தியாவுக்கும் காட்டுவதற்கு. அதே நேரத்தில் அந்த வீரர்கள் ஊருக்குள் தாராளமாக நடமாடுவதற்குக் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டே போயின. கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்தார்கள்.

அந்தத் தணிக்கை அறிக்கைகளின் மூலம்தான் இன்று நமக்கு அவர்களின் குரல் கேட்கிறது. அதில் திரும்பத் திரும்ப வரும் குறை ஒன்று உண்டு. காயம் ஆறியதும் மறுபடி போர்முனைக்கு அனுப்புகிறார்களே என்பதுதான் அது. ஒருமுறை ரத்தம் சிந்தியவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டாமா என்பது அவர்கள் நியாயம். மீர் தஸ்த் என்ற ஜமேதார், 1915 ஏப்ரலில் ஈப்ர் போர்க்களத்தில் விஷவாயுவுக்கு நடுவே சக வீரர்களைக் காப்பாற்றியவர். அந்த ஆகஸ்டில் பெவிலியன் தோட்டத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே அவருக்கு விக்டோரியா சிலுவை அணிவித்தார். பதக்கம் நல்லதுதான், ஆனால் அந்த வாயு என்னை நிம்மதியாக விடவில்லை என்ற பொருளில் அவர் ஊருக்கு எழுதினார்.

வியன்னாவில் காயம்பட்டவர் அரங்கத்துக்கு வெளியே இருந்தார். பிரைட்டனில் அரங்கத்துக்கு உள்ளேயே வந்துவிட்டார், அதுவும் இசை அறையின் நடுவிலேயே. ஆனால் அவர் அங்கே கேட்பவராக இல்லை. மற்றவர்கள் பார்க்கும் காட்சியாக இருந்தார். (அங்கே இறந்த இந்துக்கள், சீக்கியர்களில் 53 பேர் ஊருக்கு வெளியே குன்றுப் பகுதியில் தகனம் செய்யப்பட்டார்கள். அந்த இடத்தில் 1921-ல் எழுப்பிய வெள்ளைச் சலவைக்கல் சத்ரி இன்றும் நிற்கிறது.)

பைராய்ட், 1940–44: விருந்தாளிகள்

மூன்றாவது ஊரில்தான் கதை கனமாகிறது.

ஜெர்மனியின் பைராய்ட், ரிச்சர்ட் வாக்னர் தன் இசை நாடகங்களுக்காகவே 1876-ல் அரங்கம் திறந்த ஊர். வாக்னர் பக்தர்களுக்கு நம் திருவையாறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. இருக்கைகள் கட்டை மாதிரி, கைப்பிடி கிடையாது. ஹிட்லர் அந்த விழாவின் தீவிர ரசிகர்; வாக்னரின் மருமகள் வினிஃப்ரெட் அவருக்கு நெருங்கிய நண்பர். விழாவை நடத்தியதும் வினிஃப்ரெட்தான்.

1939-ல் போர் தொடங்கியது. விழாவை நிறுத்திவிடலாம் என்று வினிஃப்ரெட் நினைத்தார். ஹிட்லர் விடவில்லை. 1940-லிருந்து 1944 வரை ஒவ்வொரு கோடையிலும் 'போர்க்கால விழா' நடந்தது. வழக்கமான பணக்கார ரசிகர்களின் இடத்தில் அரசே ஆட்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தது. முன்னணியிலிருந்து வந்த சிப்பாய்கள், காயம்பட்டு குணமாகிக்கொண்டிருந்தவர்கள், செவிலியர்கள், ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். இவர்களுக்கு 'தலைவரின் விருந்தாளிகள்' என்று பெயர். காசு வாங்கவில்லை. நாஜிக்களின் 'மகிழ்ச்சி வழியே வலிமை' என்ற பொழுதுபோக்கு அமைப்பு இவர்களைத் தனி ரயில்களில் அழைத்து வந்தது. தங்க இடம், சாப்பாடு, கதைச் சுருக்கம் உள்ள கையேடு, நாடகத்துக்கு முன் ஒரு விளக்கச் சொற்பொழிவு எல்லாம் ஏற்பாடு.

தாளில் பார்த்தால் இதைவிடப் பெரிய மனது இருக்க முடியுமா? வாழ்நாளில் ஓபரா அரங்கத்தின் வாசலையே மிதித்திராத ஒரு விவசாயி மகன், கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, உலகத்தின் மிகச் சிறந்த இசைக்குழுக்களில் ஒன்றைக் கேட்கிறான். இலவசமாக! அவர்களில் சிலர் உண்மையாகவே மனம் நெகிழ்ந்திருப்பார்கள், நான் மறுக்கவில்லை. சிலர் தூங்கியிருப்பார்கள். அதையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அவர்களுக்கு எதைப் போட்டுக் காட்டினார்கள் என்று பாருங்கள். 1943, 1944 இரண்டு வருடமும் ஒரே ஒரு நாடகம்தான், 'நூரம்பெர்க்கின் மைஸ்டர்சிங்கர்கள்'. இசை மட்டுமே நாலரை மணி நேரம். பதினாறாம் நூற்றாண்டு நூரம்பெர்க்கில் நடக்கும் ஒரு பாட்டுப் போட்டிதான் கதை. முடிவில் செருப்புத் தைக்கும் கவிஞர் ஹான்ஸ் ஸாக்ஸ், அந்நியர் ஆதிக்கத்தை எச்சரித்து, ஜெர்மன் கலையைப் போற்றிப் பேசுவார். 1943 கோடை என்றால் ஸ்டாலின்கிராட் தோல்விக்குப் பின். 1944 கோடை என்றால் நார்மண்டியில் நேசப்படைகள் இறங்கிய பின். ஏன் இந்த நாடகம் என்பது புரிகிறதல்லவா?

அந்த நாடகத்தில் பெக்மெஸ்ஸர் என்று ஒரு பாத்திரம் வருகிறது. ஊர் எழுத்தர், கோமாளித்தனமான வில்லன். இரண்டாம் அங்கத்தின் முடிவில் தெருச் சண்டையில் நன்றாக அடி வாங்குவார். மூன்றாம் அங்கத்தில் ஸாக்ஸின் பட்டறைக்குள் நொண்டி நொண்டி வருவார். பேச்சே கிடையாது. முதுகைப் பிடித்துக்கொள்வதும், உட்கார முயன்று வலியில் துள்ளி எழுவதும், இசைக்குழு அதை ஒவ்வொன்றாகக் கிண்டல் செய்வதும்... அரங்கம் சிரிக்க வேண்டிய இடம் அது.

அந்தக் காட்சியை, ஊன்றுகோலை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டத்துக்கு நடுவிலிருந்து பாருங்கள். அவர்கள் சிரித்தார்களா? சிரித்திருக்கலாம். அடிபட்டவர்கள் தங்களுக்குள் எதையும் கேலி செய்யக்கூடியவர்கள். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. ஏற்பாடு செய்தவர்கள் யாருக்காவது இந்தக் காட்சியைப் பற்றி ஒரு நொடியாவது தோன்றியிருக்குமா? கீழே உட்கார்ந்திருப்பவன் என்ன நினைப்பான் என்பது அவர்கள் கணக்கில் இருந்ததாகவே தெரியவில்லை.

வாக்னர் எழுதியதிலேயே காயத்தை மையமாகக் கொண்ட நாடகம் ஒன்று உண்டு. 'பார்சிஃபால்', 1882-ல் இதே பைராய்டில் அரங்கேறியது. அம்ஃபோர்டாஸ் என்ற மன்னனின் விலாவில் ஆறாத புண். எந்தத் தைலமும் கேட்கவில்லை. என்னைக் கொன்றுவிடுங்கள் என்று தன் ஆட்களிடம் கெஞ்சுகிறான். அவனுடைய வலியைத் தன் வலியாக உணரும் ஒரு இளைஞன் வந்தபிறகுதான் புண் ஆறுகிறது. 1939 வரை விழாவில் நடந்துவந்த இந்த நாடகம், 1940 முதல் 1944 வரை பைராய்டில் ஒருமுறைகூட மேடையேறவில்லை. ஏன் என்பதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். எந்தக் காரணமாக இருந்தாலும் நடந்தது இதுதான். புண்பட்ட ஆயிரக்கணக்கானவர்களை அந்த அரங்கத்துக்குள் உட்காரவைத்த ஐந்து வருடங்களில், புண்ணைப் பற்றிய நாடகம் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இது இலவசமும் இல்லை. குணமான உடம்பு மறுபடி போர்முனைக்குப் போக வேண்டும். பிரைட்டனில் இந்திய வீரர்கள் எதை எண்ணி வருந்தினார்களோ அதே கதைதான். 1944 செப்டம்பரில் ஜெர்மனியின் நாடக அரங்குகள் அனைத்தையும் மூடினார்கள். 1945 ஜனவரி 2 இரவில் குண்டுவீச்சில் நூரம்பெர்க்கின் பழைய நகரம் தரைமட்டமானது. மேடையில் வரைந்து காட்டிய ஊர் அதன்பின் மேடையில் மட்டும்தான் இருந்தது.

லண்டன், 1939–46: ஒரு ஷில்லிங்

அதே வருடங்களில் எதிரி நாட்டில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும் அல்லவா?

போர் தொடங்கியதும் லண்டனின் தேசிய ஓவியக்கூடத்தில் இருந்த ஓவியங்களைப் பத்திரமான இடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சுவர்கள் காலி. பியானோ கலைஞர் மைரா ஹெஸ், கூடத்தின் இயக்குநர் கென்னத் கிளார்க்கிடம் போய் இங்கே மதிய வேளைகளில் கச்சேரி நடத்தலாமா என்று கேட்டார். எப்போதாவது ஒன்று எதற்கு, தினமும் நடத்துங்கள் என்றார் கிளார்க். 1939 அக்டோபர் 10 அன்று முதல் கச்சேரி. ஏதோ கொஞ்சம் பேர் வருவார்கள் என்று நினைத்தால், கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. திங்கள் முதல் வெள்ளி வரை, குண்டு விழும் மாதங்களில் அடித்தளத்துக்கு இறங்கி, 1946 ஏப்ரல் 10 வரை மொத்தம் 1,698 கச்சேரிகள். எட்டு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வந்தார்கள்.

நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். கூடவே மலிவு விலையில் சான்ட்விச் விற்கும் கேன்டீன். தேனும் உலர்திராட்சையும் வைத்த சான்ட்விச் ரொம்பப் பிரபலமாம். (சபா கேன்டீனுக்காகவே டிசம்பர் கச்சேரிக்குப் போகும் நண்பர்கள் கவனிக்க :-)) மீதப் பணம் கஷ்டத்தில் இருந்த இசைக்கலைஞர்களின் நல நிதிக்குப் போனது.

இங்கே வந்தவர்களில் சீருடைக்காரர்கள் உண்டு, அலுவலக குமாஸ்தாக்கள் உண்டு, முந்தின இரவு வீட்டு ஜன்னல் நொறுங்கியவர்கள் உண்டு. பிடித்தால் நாளையும் வரலாம், பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாம். லண்டனும் சும்மா விடவில்லை. 1942-ல் வந்த 'லிசன் டு பிரிட்டன்' என்ற அரசுப் படத்தில் இந்தக் கச்சேரியைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். அரசியாரும் கூட்டத்தோடு உட்கார்ந்திருப்பார். ஆகவே பிரசாரம் இல்லாத அரங்கம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு ஷில்லிங் கொடுத்து உள்ளே வந்தவர் யாருக்கும் விருந்தாளி கிடையாது, யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதும் கிடையாது.

வியன்னாவோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகிறது. அங்கே டிக்கெட் வாங்கியவர் ஒருவர், உதவி பெற்றவர் இன்னொருவர். இங்கே அடிபட்ட ஊரே டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து கேட்டது.

மறுபடி பைராய்ட், 1951

போருக்குப் பின் வினிஃப்ரெட் விழாவை நடத்தும் உரிமையை இழந்தார். அவருடைய மகன்கள் வீலண்டும் வோல்ஃப்காங்கும் பொறுப்பேற்றார்கள். இந்த வோல்ஃப்காங் 1939 செப்டம்பரில் போலந்துப் போரில் பலத்த காயம்பட்டு, ஆஸ்பத்திரியில் பல மாதங்கள் கிடந்து, ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர். குடும்ப நண்பர் என்ற முறையில் ஹிட்லரே ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். அரங்கத்தை ஆளும் குடும்பத்திலேயே குணமாகிக்கொண்டிருந்த ஒரு சிப்பாய் இருந்திருக்கிறார்.

1951 ஜூலை 29 அன்று ஃபுர்ட்வெங்லர் நடத்திய பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனியோடு அரங்கம் மறுபடி திறந்தது. மறுநாள் முதல் நாடகம். பன்னிரண்டு வருடங்களுக்குப் பின் பைராய்டில் மீண்டும் 'பார்சிஃபால்'. வீலண்ட் மேடையை ஏறக்குறைய காலியாக வைத்து, வெளிச்சத்தை மட்டும் வைத்து அமைத்தார். அம்ஃபோர்டாஸ் தன் புண்ணோடு மேடைக்கு வந்தான். அன்று கேட்கக் கூடியிருந்தவர்கள் மறுபடி டிக்கெட் வாங்கி வந்தவர்கள். 'தலைவரின் விருந்தாளிகளாக' முன்பு அங்கே உட்கார்ந்திருந்த சிப்பாய்களில் எத்தனை பேர் அப்போது உயிரோடு இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேரிடம் டிக்கெட்டுக்குக் காசு இருந்தது என்பது வேறு கேள்வி.

இந்த நான்கு ஊர்களிலும் இசை ஏறக்குறைய ஒரே தரம்தான், உயர்ந்த தரம். காயம்பட்டவர் அங்கே யாராக இருந்தார் என்பதில்தான் வேறுபாடு. வியன்னாவில் நிதிக்குக் காரணம். பிரைட்டனில் தபால் அட்டைப் படம். பைராய்டில் நன்றி சொல்ல வேண்டிய விருந்தாளி. லண்டனில் மட்டும் ரசிகர்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கலை நிகழ்ச்சிகளையும் பொழுதுபோக்கையும் மற்றவர்களுக்குச் சமமாக அனுபவிக்கும் உரிமையைப் பேசுகிறது. ஆனால் வாசலில் ஆறு படி, உள்ளே இன்னும் நாலு படி, சாய்தளம் இல்லை, கைப்பிடி இல்லை என்று இருக்கும் மண்டபங்கள் எத்தனை! அதே மண்டபத்தில்தான் ஊனமுற்றோர் நலனுக்காக என்று நிதிக் கச்சேரியும் நடக்கும், மேடையில் பொன்னாடையும் போர்த்துவார்கள். 1813-ல் ஹனாவ் சிப்பாய் வராததற்குப் பல நூறு கிலோமீட்டர் தூரம் காரணம். இன்று பல இடங்களில் அந்தத் தூரம் பத்துப் படிகள்தான். அடுத்த நிதிக் கச்சேரியை ஏற்பாடு செய்பவர்கள் முதல் செலவாக ஒரு சாய்தளத்தைக் கட்டிவிட்டு, டிக்கெட் விலையைச் சொன்னால் போதும். மற்றதை ரசிகரே பார்த்துக்கொள்வார்.